நான்கு மணி ஆசை காலையிலேயே தொடங்கிவிடுகிறது

கேள்வி: எனக்கு வயது 39. நாள் முழுவதும் உட்கார்ந்தே பார்க்கும் அலுவலக வேலை. அம்மாவுக்கு நீரிழிவு உண்டு. அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.9 என்று வந்தது. பயந்துபோய் அன்றே வெள்ளைச் சர்க்கரையை அடியோடு நிறுத்தினேன். அதுவரை தினமும் நான்கு கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. சர்க்கரை இல்லாத தேநீர் தொண்டையில் இறங்கவில்லை, அதனால் தேநீரையும் விட்டுவிட்டேன். காலை உணவையும் ஒரு பழத்தோடு முடித்துக்கொள்கிறேன். இரண்டாம் நாளே தலைவலி மண்டையைப் பிளந்தது. உடம்பிலிருந்து சர்க்கரை வெளியேறும் அறிகுறி என்று தோழி சொன்னாள். மாலை நான்கு மணி ஆனால் கை நடுங்காத குறையாக மனம் இனிப்பைத் தேடுகிறது. ஐந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஆறாம் நாள் இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, பிள்ளைகளுக்கு வாங்கிவைத்த பிஸ்கட் பாக்கெட்டை அடுப்படியில் நின்றபடியே காலி செய்துவிட்டேன். மறுநாள் மறுபடியும் விரதம். இரண்டு மாதமாக இதே கதை. நான் சர்க்கரைக்கு அடிமையாகிவிட்டேனா? வெல்லம், தேன் என்று மாறலாமா? செயற்கை இனிப்பூட்டி நல்லதா? அடுத்த மாதம் மகளின் பிறந்தநாள் வருகிறது, கேக்கை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் திரும்பிப் போய்ப் பார்த்த வரி, 'காலை உணவையும் ஒரு பழத்தோடு முடித்துக்கொள்கிறேன்' என்பது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒரே நாளில் நீங்கள் சர்க்கரையை மட்டும் விடவில்லை, தேநீரையும் விட்டீர்கள், காலை உணவையும் ஏறக்குறைய விட்டுவிட்டீர்கள். அதன் பிறகு வந்த தலைவலி, நடுக்கம், எரிச்சல், இரவில் தின்றது என எல்லாவற்றையும் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதிவிட்டீர்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முதலில் அந்தக் கணக்கைப் பிரிப்போம். பாதிப் பயம் அதிலேயே தீர்ந்துவிடும்.

தலைவலியிலிருந்து தொடங்குகிறேன். பல காலமாக நாளுக்கு நான்கு கோப்பைத் தேநீர் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் தலை வலிக்கத்தான் செய்யும். காரணம் காஃபீன். மூளையில் அடினோசின் என்றொரு வேதிப்பொருள், 'களைத்துவிட்டாய், ஓய்வெடு' என்று சொல்லும் வேலையைச் செய்கிறது. அது வந்து அமர வேண்டிய ஏற்பிகளைக் காஃபீன் அடைத்துக்கொள்கிறது. மூளையும் விடாமல் ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. காஃபீன் திடீரென்று வராமல் போனால் அடினோசினுக்கு எல்லா இடமும் திறந்துவிடுகிறது. தலைவலி, அசதி, சிடுசிடுப்பு, வேலையில் மனம் பதியாமை எல்லாம் அதன் விளைவு. கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், 2 முதல் 9 நாள் வரை நீடிப்பது இதன் வழக்கம். உங்கள் 'இரண்டாம் நாள்' இதில் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது.

தோழி நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் சர்க்கரை உடம்பில் அழுக்காகத் தேங்கி, விரதம் இருந்தால் வெளியேறுகிற பொருள் இல்லை. உண்ட சர்க்கரை சில மணி நேரத்தில் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்து, எரிந்தோ சேமிக்கப்பட்டோ தீர்ந்துவிடும். இதில் வேடிக்கை, குளுக்கோஸ் ரத்தத்தில் எந்நேரமும் இருந்தே ஆக வேண்டும். உடம்பின் மொத்த ரத்தத்திலும் அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவுதான், 4 அல்லது 5 கிராம். மூளை மட்டுமே நாளுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கிறது. அதைக் கொடுக்க வெள்ளைச் சர்க்கரை தேவையே இல்லை, தானியமும் பருப்பும் போதும், அவை இல்லாத நேரத்தில் கல்லீரலே தயாரித்துக் கொடுக்கும். அதனால் 'சர்க்கரையை விட்டால் மூளை வேலை செய்யாது' என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம், 'உடம்பைச் சுத்தம் செய்கிறேன்' என்று பொட்டலம் விற்பவர்களையும் நம்ப வேண்டாம்.

இனி அந்த நான்கு மணி. காலையில் ஒரு பழம் என்றால் நூறு கலோரி இருந்தால் அதிகம், புரதம் கிட்டத்தட்ட இல்லை. மதிய உணவில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் பயந்துபோய்ச் சர்க்கரையை நிறுத்தியவர்கள் பெரும்பாலும் மதியத் தட்டையும் சுருக்கிக்கொள்வதைப் பார்க்கிறேன். அப்படியானால் மாலை நான்கு மணிக்கு நீங்கள் ஏறக்குறைய அரைப்பட்டினியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பசித்த உடம்பு விரைவில் கிடைக்கும் சக்தியைக் கேட்கும். அது கேட்பதற்கு உங்கள் மனம் வைத்த பெயர்தான் இனிப்பு ஆசை. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள், பதினொன்றாவதாகச் சர்க்கரை விரதமும் பறக்கும். இதில் மனவுறுதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த நடுக்கத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது என்றும் பயப்பட வேண்டாம். நீரிழிவு மருந்து எதுவும் எடுக்காத, மற்றபடி ஆரோக்கியமான ஒருவருக்கு அப்படி நடப்பது அரிது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்சுலினோ, சல்ஃபோனைல்யூரியா வகை நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இனிப்பையும் மாவுச்சத்தையும் திடீரென்று குறைக்கக் கூடாது. அவர்களுக்கு வரும் நடுக்கமும் வியர்வையும் உண்மையான சர்க்கரைத் தாழ்நிலையாக இருக்கலாம். அந்த நேரத்தில் குளுக்கோஸ்தான் மருந்து, கொள்கையெல்லாம் பிறகு.

அடிமையா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் எலிகள் இருக்கின்றன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பார்ட் ஹோபல் என்ற உளவியல் பேராசிரியரின் குழு, எலிகளைத் தினமும் 12 மணி நேரம் பட்டினி போட்டு, பிறகு 12 மணி நேரம் சர்க்கரைக் கரைசலும் தீனியும் கொடுத்தது. சில வாரங்களில் அவை கரைசலைக் கண்டதும் பாய்ந்து குடித்தன, கிடைக்காதபோது போதைப்பொருளை நிறுத்தியதைப் போன்ற அறிகுறிகளைக் காட்டின. சர்க்கரை போதைப்பொருளைப் போன்றது என்ற செய்தி உலகமெங்கும் பரவியது பெருமளவு இதனால்தான். ஆனால் அதே ஆய்வுகளில் நாள் முழுவதும் சர்க்கரையைத் தடையின்றிப் பெற்ற எலிகள் அப்படி நடந்துகொள்ளவில்லை. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, மனிதர்களிடம் 'சர்க்கரை அடிமைத்தனம்' என்ற ஒன்று இருப்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு என்றும், எலிகளிடம்கூட அது பட்டினியும் பாய்ச்சலும் மாறி மாறி வந்தபோதுதான் தோன்றியது என்றும் எழுதினார்கள். உங்கள் ஐந்து நாள் விரதத்தையும் ஆறாம் நாள் இரவையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மனத்தின் தடையும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2008இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், சாக்லேட்டை நினைக்கவே கூடாது என்று சொல்லப்பட்டவர்கள், அப்படி எதுவும் சொல்லப்படாதவர்களைவிடப் பிறகு அதிகமாகச் சாக்லேட் சாப்பிட்டார்கள். 'இனி தொடவே மாட்டேன்' என்ற சபதம் நாள் முழுவதும் அந்தப் பொருளை மனத்தில் சுமக்க வைக்கிறது. ஆகவே அடிமை என்ற பட்டத்தை நீங்களே சூட்டிக்கொள்ள வேண்டாம். அந்தப் பட்டத்தால் ஒரு தீமையும் உண்டு: ஒரு பிஸ்கட்டை எடுத்ததும் 'எல்லாம் போயிற்று' என்று பாக்கெட்டையே முடிக்க அது நல்ல சாக்காகிவிடுகிறது.

ஆகவே நான் சொல்லும் முதல் வேலை சர்க்கரையைப் பற்றியதே இல்லை. நாளை காலை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். புரதம் 20 கிராம் அளவுக்காவது இருக்கட்டும். இரண்டு முட்டையும் ஒரு குவளைப் பாலும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும், முட்டை வேண்டாதவர்கள் பருப்பு, பயறு, தயிர், கொட்டைகள் என்று சேர்த்துக் கூட்டிக்கொள்ளலாம். அதோடு உங்கள் வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் தானிய உணவு. பழத்தை விட வேண்டாம், அதைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மிசூரி பல்கலைக்கழகம் 2013இல் செய்த ஆய்வில், காலை உணவைத் தவிர்த்துவந்த இளம்பெண்களுக்குப் புரதம் நிறைந்த காலை உணவைக் கொடுத்தபோது, அவர்கள் இரவில் கொறிப்பது குறைந்தது. காலையில் கொடுத்ததற்கு இரவில் பலன். உங்களுக்கும் அதுதான் வேண்டும்.

மதியத்திலும் அதே விதி: பருப்போ முட்டையோ மீனோ இறைச்சியோ ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரிகிற அளவில், காய்கறி தாராளமாக. பிறகு மூன்றரை மணிக்கு, ஆசை வருவதற்கு முன்பே, ஒரு கைப்பிடிக் கொட்டைகளோ வேகவைத்த பயறோ ஒரு கிண்ணம் தயிரோ சாப்பிட்டுவிடுங்கள். ஆசை வந்த பிறகு சாப்பிடலாம் என்று காத்திருந்தால் கை பயறைத் தேடாது. இரண்டு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். நான்கு மணிப் புயலில் பெரும்பகுதி ஓய்ந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன். மீதம் இருப்பதைத்தான் உண்மையான இனிப்பு ஆசை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

தேநீரை மீண்டும் குடியுங்கள். ஆம், நிஜமாகத்தான் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு சின்ன வேலை. சமையலறைத் தராசு இருந்தால், நீங்கள் தேநீருக்குப் பயன்படுத்தும் அதே கரண்டியால், வழக்கமாக எடுப்பதைப் போலவே சர்க்கரையை எடுத்து அதில் கொட்டிப் பாருங்கள். தட்டையாக வழித்த தேக்கரண்டி 4 கிராம். கரண்டிமேல் கூம்பாக நிற்கும்படி அள்ளினால் 6 கிராமைத் தாண்டும். பலரும் 'இரண்டு கரண்டி' என்று சொல்வது கூம்புக் கணக்குத்தான். அப்படியானால் உங்கள் நான்கு கோப்பையிலும் சேர்ந்து 48 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு, ஒருவர் உண்ணும் மொத்த கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே, அதாவது நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 50 கிராம். இயன்றால் அதில் பாதியாக, 25 கிராமாகக் குறைப்பது இன்னும் நல்லது என்றும் அது சொல்கிறது. பிஸ்கட், கேக் எதையும் தொடாமலே, தேநீரிலேயே உங்கள் நாளின் பங்கு தீர்ந்துபோயிருக்கிறது. அதைச் சரிசெய்தாலே பெரிய வேலை முடிந்த மாதிரி.

கரண்டியை வழித்துப் போடுவதில் தொடங்குங்கள். அடுத்த வாரம் ஒன்றரை, அதற்கடுத்து ஒன்று, பிறகு அரை. நாக்கு பழகாவிட்டால் ஒரு வாரம் அதே அளவில் நின்றுவிட்டுப் பிறகு இறங்கலாம். நான்கு கோப்பையை மூன்றாக்கினாலும் நல்லதே, ஆனால் ஒரே நாளில் வேண்டாம். இங்கிலாந்தில் தேநீர் பிரியர்களிடம் நடத்தி 2019இல் அறிவித்த ஒரு சிறிய ஆய்வில், படிப்படியாகக் குறைத்தவர்களும் ஒரேயடியாக நிறுத்தியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் வெற்றி பெற்றார்கள், தேநீர்மீது அவர்களுக்கு இருந்த விருப்பமும் குறையவில்லை. ஒரேயடி வழியை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். உங்களுக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

நாக்கு மாறுமா என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மொனெல் மையம் சுவை, மணம் பற்றி மட்டுமே ஆராயும் நிறுவனம். அங்கே 2016இல் வெளியிட்ட ஆய்வில், உணவில் சர்க்கரையை நன்றாகக் குறைத்தவர்களுக்கு மூன்றாம் மாதத்தில் அதே புட்டிங் முன்பைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதலாக இனித்தது. சர்க்கரைக்குத் திரும்பியதும் ஒரு மாதத்துக்குள் நாக்கு பழைய நிலைக்கே போய்விட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இனிப்பு பிடிப்பதும் குறையவில்லை. அதாவது கொஞ்சம் இனிப்பே அதிகமாகத் தெரியும், ஆனால் இனிப்பே பிடிக்காமல் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில வாரத்தில் பெரிய மாற்றம் இல்லையே என்று கைவிடவும் வேண்டாம், கணக்கு மாதங்களில்தான்.

இனி, வயிறு நிறைந்திருந்தும் வருகிற ஆசையைப் பற்றி. கண்ணை மூடி அதைக் கொஞ்சம் கவனித்தால், அது பெரும்பாலும் ஒரு படமாக வருவது தெரியும். சாக்லேட்டின் உறையைப் பிரிக்கும் கை, அது உடையும் சத்தம், நாக்கில் உருகும் அந்தக் கணம். பிளிமத் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இந்தப் படத்தைக் குலைத்துப் பார்த்தார்கள். ஆசை வந்த நேரத்தில் டெட்ரிஸ் என்ற, கட்டங்களை அடுக்கும் விளையாட்டை மூன்று நிமிடம் ஆடச் சொன்னார்கள். நூற்றுக்கு 70 என்ற அளவில் இருந்த ஆசை சராசரியாக 56 ஆனது. மனக்கண் வேறு வேலையில் இருந்தால் கேக்கை வரைய அதற்கு நேரமில்லை. பெரிய இறக்கம் இல்லைதான். ஆனால் எழுந்துபோய் அலமாரியைத் திறக்காமல் இருக்க அது போதும். கைப்பேசியில் விளையாடப் பிடிக்காதவர்கள், வீட்டில் ஓர் அறையை எப்படி மாற்றி அடுக்கலாம் என்று மனத்துக்குள் பொருள்களை நகர்த்திப் பார்க்கலாம். அதுவும் கண்ணுக்கான வேலைதான்.

இதைவிட எனக்குப் பிடித்தது நடை. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் 2012இல் நடந்த ஆய்வில், தினமும் சாக்லேட் சாப்பிடும் பழக்கமுள்ளவர்களை மேசையில் சாக்லேட்டோடு உட்கார்த்தி வேலை கொடுத்தார்கள். வேலைக்கு முன் 15 நிமிடம் வேகமாக நடந்தவர்கள் சராசரியாக 16 கிராம் சாப்பிட்டார்கள். நடக்காமல் ஓய்வெடுத்தவர்கள் 29 கிராம். உங்களைப் போல் நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு நான்கு மணிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் எழுந்து நடப்பதில் வேறு லாபமும் உண்டு: தசை அசையும்போது ரத்தத்தில் உள்ள குளுக்கோஸை அது தானாகவே இழுத்துக்கொள்கிறது. எச்பிஏ1சி அறிக்கையைக் கையில் வைத்திருப்பவருக்கு இது சும்மா கிடைக்கிற மருந்து.

ஆசையோடு மல்லுக்கட்ட வேண்டாம், அது ஏறிக்கொண்டே போவதில்லை. எழும், உச்சத்துக்கு வரும், பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தானே தணியும். அதைக் கடந்தும் இருக்கிறது, உண்மையிலேயே வேண்டும் என்று தோன்றினால், சாப்பிடுங்கள். ஒரு தட்டில் எடுத்து, உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில், பகலில். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய சொல் 'நின்றபடியே'. நின்றுகொண்டு, இருட்டில், காது வாசலில் இருக்க, அவசரமாக விழுங்கிய பிஸ்கட்டில் ருசியே இருந்திருக்காது. ருசிக்காததால்தான் அடுத்தது, அதற்கடுத்தது. பிஸ்கட்டை மேல் அலமாரியில், உள்ளே இருப்பது தெரியாத டப்பாவில் வைத்துவிடுங்கள். சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். அதற்காகப் பிள்ளைகளிடமிருந்து எல்லாவற்றையும் பறித்து, அவர்களுக்கும் இந்தப் பயத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? எல்லோரும் தூங்கிய பிறகும் விழித்திருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 2018இல், குறைவாகத் தூங்கும் பழக்கமுள்ளவர்களுக்கு உணவைப் பற்றி எதுவும் சொல்லாமல், சீக்கிரம் தூங்கும் வழிகளை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். சாறு, தேன் வழியாக வருவதையும் சேர்த்து அவர்கள் உண்ணும் சர்க்கரை நாளுக்கு 10 கிராம் அளவுக்குத் தானாகவே குறைந்தது. இரண்டரைத் தேக்கரண்டி, ஒரு பைசா செலவில்லாமல், ஒரு சபதமும் இல்லாமல்.

வெல்லம், தேன் கேள்விக்குச் சுருக்கமான பதில்: ருசிக்காக என்றால் சரி, உடம்புக்காக என்றால் வேண்டாம். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரை. கனிமங்கள் உண்டு, உண்மைதான், ஆனால் அவை கணக்கில் வரும் அளவுக்கு வெல்லம் சாப்பிட்டால் எச்பிஏ1சி முதலில் ஏறிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அந்த 50 கிராம் கணக்கில் தேனும் பழச்சாறும் சேரும், முழுப்பழம் சேராது. ஒரு குவளைச் சாற்றுக்கு மூன்று நான்கு ஆரஞ்சு பிழிய வேண்டும். அவற்றை உரித்துச் சுளைசுளையாகத் தின்ன உட்கார்ந்தால் இரண்டாவதிலேயே போதும் என்று தோன்றிவிடும்.

குளிர்பானத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. குடிக்காவிட்டால் நல்லது. 330 மில்லி கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. அது வாயில் அவ்வளவாகத் தெரியாததற்குக் காரணம் குளிர்ச்சியும் புளிப்பும். குளிர் இனிப்பைக் குறைத்துக் காட்டும், அமிலம் அதை மறைக்கும். அதே பானத்தை வாயு போன பிறகு அறை வெப்பத்தில் ஒரு மிடறு குடித்துப் பார்த்தால் பாகு மாதிரி இருக்கும். டப்பா உணவில் 'சர்க்கரை' என்ற சொல்லை மட்டும் தேடாதீர்கள். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின், அடர் பழச்சாறு என்று அதற்குப் பல வேடம். சேர்மானங்களை எடையில் அதிகமானது முதலில் வரும்படி எழுதுவார்கள். சர்க்கரையை மூன்று பெயராகப் பிரித்துவிட்டால் ஒன்றுகூட முதலிடத்துக்கு வராது. கெட்டிக்காரத்தனம்தான்.

செயற்கை இனிப்பூட்டியை, தேநீரில் சர்க்கரையைக் குறைத்துவரும் நாட்களுக்கு ஒரு கைப்பிடியாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். உடல் எடையைக் கட்டுப்படுத்த இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுரை கூறியது, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை அந்த அறிவுரையில் சேர்க்கவில்லை. அதே ஆண்டு அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டி புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்ந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 'ஆதாரம் குறைவு, ஆனால் சாத்தியத்தை ஒதுக்க முடியாது' என்ற வகை அது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய அனுமதி அளவு மாறவில்லை. ஓரிரண்டு இனிப்பூட்டி மாத்திரை அதன் பக்கத்தில்கூட வராது. எனக்குள்ள தயக்கம் வேறு: அது நாக்கைப் பழைய இனிப்பளவிலேயே நிறுத்திவைத்துவிடும். 'சர்க்கரை இல்லாத' பிஸ்கட்டை மட்டும் வாங்காதீர்கள். மாவும் கொழுப்பும் அதில் அப்படியே இருக்கும், மால்டிடால் என்ற மாற்று இனிப்பைச் சேர்த்திருந்தால் வயிற்று உப்புசமும் கூடவே வரும்.

பிறந்தநாளன்று கேக் சாப்பிடுங்கள். அன்று காலையும் மதியமும் வழக்கம்போல் சாப்பிடுங்கள், கேக்குக்கு இடம் விடுகிறேன் என்று பட்டினி கிடக்காதீர்கள். எல்லோருடனும் உட்கார்ந்து ஒரு துண்டு. மிஞ்சியதை வருபவர்களிடம் கொடுத்தனுப்பிவிடுங்கள். மறுநாள் பிராயச்சித்த விரதம் கிடையாது, அதே முட்டை, அதே பால், அதே மூன்றரை மணிப் பயறு.

கடைசியாக அந்த 5.9. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5இலிருந்து நீரிழிவு. அம்மாவுக்கு இருப்பதால் நீங்கள் கவனமாக இருப்பது சரியே. ஆனால் தேநீர்ச் சர்க்கரையை மட்டும் நிறுத்தினால் இது தீர்ந்துவிடாது. 2002இல் முடிவு வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், நீரிழிவு வரும் ஆபத்தில் இருந்த 3,234 பேரைச் சுமார் மூன்று ஆண்டு கவனித்தார்கள். உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடை போன்ற உடற்பயிற்சி என்ற இலக்குகளோடு இருந்தவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். கூடுதல் எடை இருந்தால் அதையும், மாலை நடையையும் சேர்த்தே பாருங்கள். தட்டில் மாவுச்சத்தின் அளவையும் கொஞ்சம் கவனியுங்கள்.

இன்னொன்று: இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். உங்கள் வயதுப் பெண்களிடம் இது சாதாரணம். ஆகவே ஹீமோகுளோபினையும், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் மூன்று மாதத்துக்கு முன் மறுபடி எச்பிஏ1சி எடுத்துப் பயனில்லை. இடையில் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடை இழப்பு என்று எது வந்தாலும் காத்திருக்காமல் போய்விடுங்கள்.

காலை உணவும் தூக்கமும் சரியான பிறகும், இரவில் கட்டுப்பாடு இழந்து தின்பது வாரம் ஒருமுறையாவது தொடர்ந்து, மூன்று மாதம் என்ற அளவைத் தொட்டுவிட்டால், அதை உணவு ஆலோசகரோடு மட்டும் முடித்துக்கொள்ளக் கூடாது. தின்றதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது, மறுநாள் முழுப்பட்டினி கிடப்பது என்று போனால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். உண்ணும் கோளாறுகளைப் பார்க்கும் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ அணுகுங்கள். பேச்சு வழியான சிகிச்சையிலேயே பலருக்கு இது குணமாகிறது. அவரிடமும், எனக்கு எழுதியதைப் போலவே, எதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.